மினி டிராக்டருக்கு முன்பாரம் எவ்வளவு? ஹாரி ஃபெர்குசனின் வாழ்க்கை தரும் பதில்

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் அரிசியும்தான் நினைவுக்கு வரும். அந்த அரிசிக்கு நெல் கொடுப்பதும், செம்மண் காடுகளில் மணிலா விளைவிப்பதும் ஊரைச் சுற்றியுள்ள சிறு, குறு விவசாயிகள். தறியும் நிலமும் சேர்ந்தே வைத்திருக்கும் குடும்பங்களும் இங்கு உண்டு. நிலங்கள் சிறியவை, வரப்புகள் நெருக்கமானவை. அதனால்தான் இப்பகுதியில் 20 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள மினி டிராக்டர்களை அதிகம் பார்க்கிறோம்.

சுழல் கலப்பையை, அதாவது ரோட்டவேட்டரைத் தூக்கியபடி வரப்பு ஏறும்போது முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டீயரிங் திடீரென லேசாகிவிடும். திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். சிலர் முன் பம்பரில் மண் மூட்டையைக் கட்டுகிறார்கள். சிலர் ஓர் ஆளையே பம்பரில் உட்கார வைத்துவிடுகிறார்கள். வண்டி குலுங்கி அந்த ஆள் விழுந்தால், விழுவது முன் சக்கரத்துக்கு அடியில்தான். இதற்கான முறையான வழி, டிராக்டரின் முன்பக்கம் பொருத்தும் இரும்பு எடைகள். இவற்றை முன்பாரம் என்று சொல்லலாம்.

எவ்வளவு எடை, எந்த வேலைக்கு, எப்போது கழற்ற வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டுமானால், உங்கள் டிராக்டரின் பின்னால் இருக்கும் மும்முனை இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பது புரிய வேண்டும். அது புரிய, அதை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசனின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்ல வழி.

விவசாயி மகன், மெக்கானிக் ஆனார்

ஹாரி ஃபெர்குசன் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, அயர்லாந்தின் வட பகுதியில் டவுன் மாவட்டத்தில், ட்ரோமோர் ஊருக்கு அருகிலுள்ள குரோவெல் என்ற சிற்றூரில் பிறந்தார். பிள்ளைகள் அதிகமுள்ள விவசாயக் குடும்பம். குதிரை ஏர் பூட்டி உழுத காலம். நிலத்து வேலையின் பாரமும், கொடுத்த உழைப்புக்குக் கிடைத்த குறைந்த பலனும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1902-ல் வீட்டை விட்டு பெல்ஃபாஸ்ட் நகருக்குப் போய், சைக்கிள், கார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

இயந்திரம் அவருக்குக் கை வந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டினார். தானே ஒரு விமானத்தை வடிவமைத்துக் கட்டி, 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் அதைப் பறக்கவிட்டார். ஏறத்தாழ 120 மீட்டர் தூரம்தான். ஆனாலும் அயர்லாந்தில் முதன்முதலில் விமானம் ஓட்டியவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

விமானம் என்பது மூக்குக்கும் வாலுக்கும் இடையிலான எடைச் சமநிலையில் நிற்கும் பொருள். வால் பக்கம் கொஞ்சம் கனம் கூடினால் மூக்கு தூக்கும். டிராக்டருக்கும் இதே கணக்குதான். நடுவில் தாங்குவது காற்றல்ல, பின் அச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

1911-ல் பெல்ஃபாஸ்டில் சொந்தமாக மோட்டார் வணிகம் தொடங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட 'ஓவர்டைம்' என்ற டிராக்டரை விற்றார். வில்லி சாண்ட்ஸ் என்ற திறமையான மெக்கானிக் அவருடன் இருந்தார். பின்னாளில் ஃபெர்குசன் பெயரில் வந்த பல கருவிகளில் சாண்ட்ஸின் கைவேலையும் சேர்ந்திருக்கிறது.

1917: வயலுக்குத் திரும்பினார்

போரினால் பிரிட்டனுக்கு வரவேண்டிய உணவுக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. உள்நாட்டிலேயே அதிக நிலத்தை உழ வேண்டிய அவசரம் வந்தது. 1917-ல் அயர்லாந்து வேளாண் துறை, டிராக்டர் உழவை மேம்படுத்தும் பொறுப்பை ஃபெர்குசனிடம் கொடுத்தது. விவசாயம் பிடிக்காமல் ஓடிப்போனவர், வயல் வயலாகத் திரும்பி வந்தார்.

அவர் கண்டது இதுதான். அன்றைய டிராக்டர் என்பது இயந்திரக் குதிரை. கலப்பையைச் சங்கிலியிலோ கம்பியிலோ கட்டி இழுத்துக்கொண்டு போகும். டிராக்டர் வேறு, கலப்பை வேறு. பின் சக்கரம் வழுக்காமல் இருக்க வண்டியைக் கனமாகச் செய்தார்கள். கனமான வண்டி மண்ணை அழுத்தி இறுக்கியது, விலையும் கூடியது. எடையைக் குறைத்தால் சக்கரம் வழுக்கியது.

அதே 1917-ல் ஹென்றி ஃபோர்டின் 'ஃபோர்ட்சன்' டிராக்டர் வந்தது. விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. உழும்போது கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால், வண்டி முன்பக்கம் தூக்கி அப்படியே பின்னால் கவிழ்ந்துவிடும். ஓட்டியவர் அடியில் சிக்கி இறந்த விபத்துகள் பல.

ஏன் கவிழ்கிறது என்பதை நீங்கள் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இன்றும் நம் வயல்களில் இதே காரணத்தால் விபத்து நேர்கிறது. இஞ்சின் பின் சக்கரத்தைச் சுழற்றப் பார்க்கிறது. கருவி சிக்கி, சக்கரமும் சேற்றிலோ பள்ளத்திலோ பிடிபட்டுச் சுழல முடியாமல் போனால், அந்த விசை போவதற்கு வேறு வழியில்லை. சக்கரத்தைச் சுழற்ற முடியாத இஞ்சின், டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்குகிறது. இழுவைக் கயிறு பின் அச்சுக்கு மேலே கட்டப்பட்டிருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும். மூக்கு எழும்பியதிலிருந்து வண்டி மல்லாந்து விழ இரண்டு நொடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கலப்பையை டிராக்டரின் உறுப்பாக்கினார்

பெரும்பாலோர் இதற்குச் சொன்ன தீர்வு, வண்டியின் எடையைக் கூட்டுவது. ஃபெர்குசன் வேறு வழியில் போனார். கலப்பையை இழுத்துக்கொண்டு போகாமல், டிராக்டரோடு ஒரே உடலாகச் சேர்த்தால் என்ன என்று பார்த்தார். இரண்டு இணைப்புக் கம்பிகள், பிறகு மூன்று, பிறகு ஹைட்ராலிக் என்று பல ஆண்டுகள் முயன்றார். 1920-களின் நடுவில், கலப்பையின் ஆழத்தை ஹைட்ராலிக் மூலம் தானாகக் கட்டுப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

அவருடைய முறை முழுமை பெற்றபோது இருந்த வடிவம்தான் இன்று உங்கள் வண்டியில் இருக்கிறது. கீழே இரண்டு இணைப்புக் கைகள், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க். மூன்று முனைகளில் கருவி பொருந்துகிறது. கீழ்க் கைகள் கருவியை இழுக்கின்றன. மண் கலப்பையைப் பின்னோக்கித் தடுக்கும்போது, கலப்பையின் மேற்பகுதி முன்னோக்கிச் சாய்ந்து டாப் லிங்கைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளு விசை டிராக்டரின் மூக்கைக் கீழே அழுத்துகிறது. கலப்பை சிக்கினால் முன்பு வண்டியைத் தூக்கிய அதே விசையின் ஒரு பகுதி, இப்போது அதைத் தரையோடு பிடித்து வைக்கிறது.

இரண்டாவது பலன் எடை மாற்றம். கலப்பையின் எடையும், அதன் மேல் ஏறும் மண்ணின் எடையும், கலப்பையைக் கீழ்நோக்கி இழுக்கும் மண்ணின் விசையும் இணைப்புக் கைகள் வழியாகப் பின் சக்கரங்களுக்கு வந்து சேர்கின்றன. மண் இறுகி இழுவை கூடும்போது டாப் லிங்க் அதை உணர்ந்து, ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்குகிறது. பின் சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கிறது. இழுவை குறைந்ததும் கலப்பை மீண்டும் பழைய ஆழத்துக்கு இறங்குகிறது. வேலை செய்யும்போது மட்டும் வரும் எடை இது. வண்டியில் இரும்பைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. லேசான டிராக்டர் கனமான டிராக்டரின் வேலையைச் செய்யும் ரகசியம் இதுவே. இன்றைய மினி டிராக்டர் சாத்தியமானதும் இதனால்தான்.

கறுப்பு டிராக்டரும் ஒரு கைகுலுக்கலும்

கருத்து தயாரானாலும், அதைச் செய்து விற்கும் நிறுவனம் கிடைக்கவில்லை. 1933-ல் ஃபெர்குசன் தானே ஒரு முன்மாதிரி டிராக்டரைக் கட்டி, அதற்குக் கறுப்பு வண்ணம் பூசினார். இன்று அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. டேவிட் பிரவுன் நிறுவனத்துடன் சேர்ந்து 1936-ல் 'ஃபெர்குசன்-பிரவுன்' டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 1,350 வண்டிகள்தான் செய்யப்பட்டன. விவசாயிகளிடம் இருந்த பழைய கருவிகள் அதில் பொருந்தவில்லை. வண்டியோடு கருவிகளையும் புதிதாக வாங்க வேண்டியிருந்ததால் பலர் தயங்கினார்கள். டிராக்டர் வாங்கியபின் கருவிக்குப் பணம் இல்லாமல் திண்டாடும் நம் விவசாயிக்கு இது புரியும்.

1938 அக்டோபரில் வண்டியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டின் நிலத்தில் உழுது காட்டினார். பிறகு மேசையில், சாவி கொடுத்தால் ஓடும் ஒரு சிறு மாதிரி டிராக்டரை வைத்து விசைகளை விளக்கினார். ஃபோர்டும் விவசாயி மகன்தான். கவிழும் ஃபோர்ட்சனைச் செய்தவரும் அவரே. இருவரும் எழுத்து ஒப்பந்தம் ஏதுமின்றிக் கைகுலுக்கிக்கொண்டார்கள். 1939 ஜூனில் 'ஃபோர்டு-ஃபெர்குசன் 9என்' வெளிவந்தது. 1947 வரை அந்த வரிசையில் 3 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் விற்றன.

ஹென்றி ஃபோர்டுக்குப் பின் பொறுப்பேற்ற அவருடைய பேரன் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். ஆனால் ஃபெர்குசனின் இணைப்பு முறையோடு ஃபோர்டு நிறுவனம் தன் பெயரில் புதிய டிராக்டரை விற்கத் தொடங்கியது. ஃபெர்குசன் 1948-ல் வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகள் நடந்த வழக்கு, 1952-ல் 92.5 லட்சம் டாலர் இழப்பீட்டோடு சமரசத்தில் முடிந்தது. அவர் கேட்டதோ 25 கோடி டாலருக்கும் மேல். எழுதி வாங்காத ஒப்பந்தத்தின் விலை அது.

சாம்பல் நிற டிராக்டர்

வழக்கு ஒருபக்கம் இருக்க, வேலை நிற்கவில்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலையில் 1946-ல் 'டிஇ-20' டிராக்டர் உற்பத்தி தொடங்கியது. எடை சற்றேறக்குறைய 1,100 கிலோ. சாம்பல் நிறம். 1956 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்தது இந்த டிராக்டர்களில்தான். பனிக்காகச் சக்கரங்களில் சங்கிலித் தடம் மாட்டியிருந்தார்கள்.

ஃபெர்குசன் ஒழுங்கிலும் அளவிலும் மிகக் கறாரானவர். அவருடைய டிராக்டருடன் ஒரு ஸ்பேனர் வரும். விவசாயி வயலில் செய்ய வேண்டிய பெரும்பாலான சரிப்படுத்தலுக்கு அந்த ஒன்றே போதும். அதன் உடலிலேயே அங்குல அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். கண்மதிப்பில் அல்லாமல் அளந்து பார்த்துக் கருவியைப் பொருத்த வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. டிராக்டரை விற்றால் மட்டும் போதாது, பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும் என்று ஸ்டோன்லியில் பயிற்சிப் பள்ளியும் நடத்தினார்.

1953-ல் கனடாவின் மாஸ்ஸி-ஹாரிஸ் நிறுவனத்துடன் தன் நிறுவனத்தை இணைத்தார். விலையில் 10 லட்சம் டாலர் வித்தியாசம் வந்தபோது, நாணயம் சுண்டித் தீர்த்துக்கொண்டார்கள், ஃபெர்குசன் தோற்றார். அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்திலிருந்து விலகி, நான்கு சக்கர இழுவைக் கார்களில் ஆராய்ச்சி செய்தார். 1960 அக்டோபர் 25 அன்று தன் வீட்டில் காலமானார். வயது 75.

அதே 1960-ல் சென்னையில், மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. அவருடைய பெயர் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்தது அப்படித்தான். காப்புரிமைக் காலம் முடிந்தபின் எல்லா நிறுவனங்களும் மும்முனை இணைப்பை எடுத்துக்கொண்டன. இன்று நீங்கள் எந்தக் கம்பெனி டிராக்டர் வாங்கினாலும், பின்னால் இருப்பது ஃபெர்குசனின் முறையே.

ஃபெர்குசனின் முறை எங்கே உதவாது?

இனி முன்பாரத்துக்கு வருவோம். ஃபெர்குசனின் இணைப்பு மூக்கைப் பிடித்து வைப்பது, கருவி மண்ணுக்குள் இருந்து இழுபடும்போது. கொக்கிக் கலப்பை, வளைபலகைக் கலப்பை போன்றவற்றுக்கு இது பொருந்தும். கருவியை மண்ணிலிருந்து தூக்கிவிட்டால் நிலைமை தலைகீழ். டாப் லிங்க் இப்போது தள்ளுவதில்லை; இழுக்கிறது. தூக்கிய கருவி பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் சுமை. ஏற்றக் கழியில் ஒரு பக்கம் ஆள் ஏறினால் மறுபக்கம் எழும்புவது போல, முன் அச்சு லேசாகிறது.

ரோட்டவேட்டர் இங்குதான் சிக்கல் தருகிறது. அது கனமானது. மண்ணில் சுழலும்போது வண்டியை முன்னோக்கித் தள்ளுவதால், கலப்பைபோல் இழுவை தருவதில்லை. வரப்பு தாண்ட, தெருவில் போக, வளைய என்று ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கவும் வேண்டும். சிறு நிலங்கள் உள்ள நம் பகுதியில் இப்படித் தூக்குவது மிக அதிகம்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, 900 கிலோ எடையுள்ள மினி டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முன் அச்சில் 360 கிலோவும் பின் அச்சில் 540 கிலோவும் உள்ளன. இரு அச்சுகளுக்கும் இடையே 1.5 மீட்டர். 300 கிலோ ரோட்டவேட்டரைத் தூக்கும்போது அதன் எடை மையம் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கிறது.

முன் அச்சு இழக்கும் எடை: 300 x 1 ÷ 1.5 = 200 கிலோ. மிச்சம் 160 கிலோ மட்டுமே. திருப்பம் கட்டுக்குள் இருக்க, வண்டி எடையில் குறைந்தது 20 சதவீதம் முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இங்கு அது 180 கிலோ. ஆக, சமதளத்திலேயே 20 கிலோ குறைகிறது. வரப்பு ஏறும்போதும், குலுங்கும்போதும் இன்னும் குறையும்.

முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 60 கிலோ எடை மாட்டினால், முன் அச்சில் கூடுவது 60 x 2 ÷ 1.5 = 80 கிலோ. இப்போது 240 கிலோ இருக்கும். பாதுகாப்பான அளவு. எடை அச்சுக்கு முன்னால் தள்ளி இருப்பதால், மாட்டியதைவிட அதிகப் பலன் கிடைக்கிறது. ஆனால் கூடுதலாக வந்த அந்த 20 கிலோ பின் சக்கரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். தேவைக்கு மேல் முன்பாரம் போட்டால் பின் சக்கரத்தின் பிடிப்பு குறையும்.

பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் மூக்கு தூக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தத் தண்ணீரின் எடை பின் அச்சிலேயே இறங்கிவிடுகிறது. வழுக்கல் குறைய அது உதவும்; முன் அச்சுக்கு அதனால் ஒரு கிலோகூடக் கூடாது.

உங்கள் வண்டிக்கு எப்படி அளப்பது?

மேலே உள்ள எண்கள் கணக்கு விளங்குவதற்காக. உங்கள் வண்டிக்கு நீங்களே அளக்கலாம். ஆரணிப் பகுதியில் நெல் லாரிகளை எடை போடும் எடை மேடைகளுக்குக் குறைவில்லை.

1. கருவி இல்லாமல் முழு டிராக்டரையும் எடை போடுங்கள். டிராக்டரின் எடை கிடைக்கும்.
2. வழக்கமாகப் பயன்படுத்தும் கனமான கருவியை மாட்டி, முழு உயரத்துக்குத் தூக்குங்கள்.
3. முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்குமாறும், பின் சக்கரங்கள் வெளியே அதே மட்டத்தில் இருக்குமாறும் நிறுத்தி எடை பாருங்கள். ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்கலாம்.
4. இந்த முன் எடை, முதலில் பார்த்த டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் முன்பாரம் தேவை. வரப்பும் மேடும் உள்ள நிலமென்றால் நான்கில் ஒரு பங்கு வரை வைத்துக்கொள்வது நல்லது.
5. எடைகளை மாட்டியபின் மீண்டும் ஒருமுறை எடை பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

• தயாரிப்பாளர் உங்கள் மாடலுக்குத் தரும் எடைத் தாங்கியையும் எடைகளையும் மட்டும் பயன்படுத்துங்கள். முன் அச்சும் முன் டயரும் தாங்கும் உச்ச அளவு கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டக் கூடாது.

• மண் மூட்டை, கல், தண்டவாளத் துண்டு ஆகியவற்றைக் கயிற்றால் கட்ட வேண்டாம். குலுங்கலில் அவிழ்ந்து முன் சக்கரத்தில் விழும். ஆளை உட்கார வைப்பது எக்காரணத்துக்கும் கூடாது.

• எடைகளைப் பூட்டும் போல்ட்டுகளை முதல் நாள் வேலை முடிந்ததும், பிறகு வாரம் ஒருமுறையும் இறுக்கிப் பாருங்கள். முன் டயர் காற்றைக் கையேட்டில் சொன்ன அளவில் வையுங்கள்.

• சொர்ணவாரி, சம்பா, நவரை எந்தப் பட்டமானாலும், சேற்று உழவுக்கு இறங்குமுன் முன்பாரத்தைத் தேவையான அளவுக்குக் குறையுங்கள். ஆழச் சேற்றில் கூடுதல் எடை முன் சக்கரத்தைப் புதைக்கும். மணிலாக் காட்டில் விதைப்புக்கு முன் மண் இறுகாமலிருக்கவும் தேவையற்ற எடை வேண்டாம்.

• நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் சக்கரமும் இழுக்கிறது. கலப்பை உழவில் முன் சக்கரம் வழுக்கினால், கொஞ்சம் முன்பாரம் அங்கேயும் உதவும்.

• கருவியைத் தூக்கிய நிலையில் வரப்பைக் குறுக்காக, மெதுவாக, தாழ்ந்த கியரில் ஏறுங்கள். செங்குத்தான கரையில் பின்னோக்கி ஏறுவது நல்லது. தெருவில் போகும்போது கருவியைத் தரையில் படாத அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும்.

முன்பாரம் காப்பாற்றாத இடம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான். சேற்றில் மாட்டிய வண்டியை முன்னோக்கி எடுக்கப் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டுவது, அல்லது டாப் லிங்க் பொருந்தும் இடத்தில் சங்கிலி கட்டி மரத்தையோ இன்னொரு வண்டியையோ இழுப்பது. இரண்டும் 1917-ல் ஃபோர்ட்சனில் நடந்ததையே திரும்ப நடத்துகின்றன. சக்கரம் பூட்டிக்கொள்கிறது, இழுவைப் புள்ளி அச்சுக்கு மேலே இருக்கிறது, இஞ்சின் வண்டியைப் பின்னால் புரட்டுகிறது. 60 கிலோ முன்பாரம் அந்த விசைக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே இழுப்பதாக இருந்தால், அச்சுக்குக் கீழேயுள்ள டிராபாரில் மட்டும் கட்டுங்கள். வண்டி புதைந்தால் கருவியைத் தரையில் இறக்கிக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி, பின்னோக்கி எடுக்கப் பாருங்கள். கிளட்சைச் சட்டென்று விடாதீர்கள். கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள வண்டியில் சீட் பெல்ட் கட்டாயம் போடுங்கள். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது.

தறியில் பாவின் இழுப்பு கூடினால் இழை அறும். தளர்ந்தால் நெசவு கெடும். நெசவாளர் அதைக் கையால் தொட்டே அறிவார். டிராக்டரின் எடைக்கும் அத்தகைய ஓர் அளவு உண்டு. ஆனால் அதைக் கையால் அறிய முடியாது, அளக்கத்தான் வேண்டும். ஃபெர்குசன் தன் ஸ்பேனரிலேயே அங்குலக் கோடுகளைப் போட்டது இதற்காகத்தான். அடுத்த உழவுக்கு முன் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி, உங்கள் டிராக்டரை எடை மேடைக்கு ஓட்டிச் செல்லுங்கள். கிடைக்கும் எண்களைக் கையேட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வேறு ஒருவர் ஓட்டும் நாளில் அவருக்கும் அது பயன்படும்.